ஒரு பொட்டலத்துக்கு ரெண்டு மலை

—வாயில என்ன?

—ஒண்ணுமில்லை மெலி.

—சதேகி, இந்தப் பக்கம் திரும்பு. வாயில என்ன?

—ஜெபம் பண்ணிக்கிட்டு இருந்தேன்.

—வேன் கதவைச் சாத்திக்கிட்டு, தேங்காய்ப்பால் வாசத்துலயா?

—பொறு மெலி. சர்ச்ல பண்ணினது பத்தலைன்னு தோணுச்சு.

—மடியில என்ன வெச்சிருக்கே? சர்ச்சுக்குக் கட்டுற அந்த இடுப்புப் பாயைத் தூக்கு.

—ஞாயித்துக்கிழமை புருஷன் மடியில கை வைக்கிறியே, யாராவது பார்க்கப் போறாங்க.

—யாரும் பார்க்க மாட்டாங்கன்னுதானே மலையடியில நிறுத்தச் சொன்னே. விடு கையை. விடுன்னா! ஐயோ. லூ. சேம்பிலையில மாட்டுக்கறி வெச்சுக் கட்டின லூவா சதேகி?

—சின்னதுதான்.

—இது சின்னதா? இதைத் தூக்கிக்கிட்டு நீ வேலை பார்க்கிற ஏர்போர்ட்டுக்குப் போனா, கைப்பெட்டியில சேராது, கீழே போடுன்னு நீயே சீட்டு ஒட்டுவே.

—ரெண்டு வாய்தான் தின்னேன். சத்தியமா. மூணாவது வாய்க்குள்ள நீ கதவைத் திறந்துட்டே.

—நாளைக்கு என்ன கிழமை?

—திங்கள்.

—திங்கக்கிழமை என்ன?

—எடை பார்க்குறாங்க.

—எவ்வளவு இருக்கணும்?

—நூத்தி இருபதுக்குள்ள. எனக்குத் தெரியும் மெலி. பள்ளிக்கூடப் பையனைக் கேக்கிற மாதிரி கேக்காதே.

—பள்ளிக்கூடப் பையன் இதைவிட நல்லா ஒளிச்சு வெச்சுத் தின்னுவான். யார் கொடுத்தது?

—அக்கா.

—எசெதா அண்ணியா? எப்ப? நான் பார்க்கலையே.

—நீ பாட்டுக் குழுவோட நின்னே. சர்ச் படியில வெச்சுக் கொடுத்தாங்க, போதகர் பக்கத்துல நிக்கும்போது. ரெண்டு கையாலயும் நீட்டினாங்க. நான் எப்படி வாங்காம இருக்க முடியும்? அப்புறம் போதகர் சம்சாரத்துகிட்ட, எனக்குக் கேக்கிற மாதிரி சொன்னாங்க. "என் தம்பி இளைச்சுட்டான்"னு.

—அதுக்கு அந்தம்மா?

—ஒண்ணும் சொல்லலை. உன்னைத் திரும்பிப் பார்த்தாங்க.

—பார்ப்பாங்க. சர்ச்சே என்னைத்தான் பார்க்குது. மெலியாமே புருஷனுக்குச் சோறு போடாம கொல்றா. போன வாரம் ஒருத்தி என்னை ஓரமா இழுத்துக்கிட்டுப் போய் "சதேகிக்கு என்ன சீக்கு, எனக்கு மட்டும் சொல்லு"ங்கறா. சீக்கு இல்லை, நல்லா இருக்கார்னேன். "நல்லா இருக்கிறவன் ஏன் ஒல்லியா இருக்கான்"ங்கறா. நூத்தி இருபது கிலோ ஆளு ஒல்லியாம்.

—முன்ன பார்த்ததுக்கு ஒல்லிதானே மெலி.

—கண்ணாடியில பார்த்துப் பெருமைப்பட்டுக்கோ. அதைக் கொடு இங்க.

—இன்னும் கொஞ்சம்தான் இருக்கு. கேளு, எங்கிட்ட ஒரு யோசனை இருக்கு. இதை முடிச்சிட்டு இப்பவே மலை ஏறிடறேன். கணக்கு நேராயிடும்.

—எந்தக் கணக்கு?

—நம்ம கணக்குதான். ஒரு லூவுக்கு ரெண்டு மலை. ஒரு துண்டுக் கிழங்குக்கு அரை மலை. இதுல கால்வாசி ஏற்கெனவே உள்ள போயிடுச்சு, அதுக்கு அரை. மிச்சத்துக்கு ஒண்ணரை. சாயங்கால ஆராதனைக்கு முன்னாடி முடிச்சிடலாம்.

—அந்தக் கணக்கை நான் எதுக்குப் போட்டேன்? தின்னுட்டு ஏறுறதுக்கா? ரெண்டு மலை ஏறணுமேன்னு பயந்து தின்னாம இருக்கிறதுக்கு!

—ரெண்டும் ஒண்ணுதான்.

—ஒண்ணில்லை. ஆரம்பத்துல என்ன பண்ணினே, ஞாபகம் இருக்கா? ஒரு தடவை மலை ஏறி இறங்கிட்டு, "உழைச்சிருக்கேன், கூலி கொடு"ன்னு ஒரு டப்பா பொரிச்ச கோழியைக் காலி பண்ணினே. அந்த மாசம் எடை ஏறுச்சு. ஆஸ்பத்திரியில அந்தக் கலோரி டீச்சர் என்ன சொன்னா?

—அவ என்னென்னமோ சொல்லுவா.

—நடை கஞ்சத்தனமாத்தான் செலவு பண்ணும், வாய் ரெண்டே நிமிஷத்துல மொத்தத்தையும் திரும்பச் சம்பாதிச்சுடும்னு சொன்னா. தட்டுல குறைக்கிறதுதான் எடையைக் குறைக்கும்.

—அப்ப எதுக்குத்தான் என்னை இந்த மலையில மாடு மாதிரி ஓட்டுறே?

—குறையுறது கொழுப்பா இருக்கணும், சதையா இருக்கக் கூடாதுன்னு. உன்னை அறுத்து எடுத்தப்புறம் நீ எந்திரிச்சு நிக்கணுமேன்னு. மூச்சு நல்லா இருக்கணுமேன்னு. வேற எதுக்கு?

—சரி சரி. கத்தாதே.

—அதோட இது டின் மாட்டுக்கறி. அத்தனையும் உப்பு. உப்பு தண்ணியைப் பிடிச்சு வெச்சுக்கும். நீ ராத்திரி வரை மலை ஏறினாலும் காலையில உப்பிப் போய்த்தான் தராசுல நிப்பே.

—நேத்து ஷிப்ட் முடிஞ்சு பெட்டி எடை போடுற மேடையில ஏறிப் பார்த்தேன். யாரும் இல்லாத நேரம். கோட்டுக்கு இந்தப் பக்கம்தான் இருக்கேன் மெலி. அரைக் கிலோ இடம் இருக்கு.

—அந்த அரைக் கிலோவை லூ வெச்சு நிரப்பலாம்னு பார்த்தியா?

—நிரப்பணும்னு இல்லை.

—ரத்தம் பொருந்திடுச்சு. இதயம் சரி, சர்க்கரை சரி. எல்லாம் பொருந்தி, உன் தொப்பை ஒண்ணுதான் பொருந்தலை. இந்தத் தடவையும் தாண்டினா வேற ஆளைப் பாருங்கன்னு டாக்டர் மூஞ்சிக்கு நேரே சொல்லிட்டார். அண்ணிக்கு வேற ஆள் யார் இருக்கா? பெத்த பொண்ணோட ரத்தமே சேரலை. கையில குத்துறதுக்கு இடமில்லாம கழுத்துல குழாய் போட்டு வெச்சிருக்காங்க. அதை மறைக்க வெயில்ல சால்வை போர்த்திக்கிட்டு சர்ச்சுக்கு வர்றாங்க.

—எனக்குத் தெரியும்.

—தெரிஞ்சுமா தின்னே?

—தெரிஞ்சதாலதான் தின்னேன்.

—என்ன?

—அவங்களால இதுல ஒரு வாய் தின்ன முடியாது மெலி. சேம்பிலை கூடாது. தேங்காய்ப்பால் கூடாது. கிழங்கு கூடாது, வாழைப்பழம் கூடாது, உப்பு கூடாது. தண்ணியைக்கூட அளந்துதான் குடிக்கணும். நேத்துப் பாதி நாள் அந்த மெஷின்ல கிடந்தவங்க, இன்னிக்கு இருட்டோட எழுந்து, நாற்காலியில உக்கார்ந்துக்கிட்டே இலை மடிச்சு, குழியடுப்புல வெச்சு எடுத்திருக்காங்க. தனக்கு ஆகாததையெல்லாம் சேர்த்து எனக்குக் கட்டிக் கொடுக்குறாங்க. நான் தின்னா அவங்க தின்ன மாதிரி. எப்படி வேண்டாங்கறது?

—நாய்க்காவது போட்டிருக்கலாம்.

—அக்கா கொடுத்ததையா!

—சரி, எனக்குக் கொடுத்திருக்கலாம். நான் தின்னிருப்பேன்.

—எனக்குக் கொடுத்தது. நல்லா இருந்துச்சான்னு ஆள் விட்டுக் கேப்பாங்க. நான் அக்காகிட்ட பொய் சொன்னதே இல்லை.

—இத்தனை மாசமா அப்ப என்ன பண்ணிக்கிட்டு இருக்கோம்?

—அது பொய் இல்லை. சொல்லாம இருக்கோம்.

—போய் நேரா சொல்லிடேன். "அக்கா, என் கிட்னியை உங்களுக்குக் கொடுக்கப் போறேன், லூ கொடுத்து அனுப்பாதீங்க"ன்னு.

—நானா? அக்காகிட்டயா? என் உடம்பைப் பத்தியா? உனக்குப் புத்தி கெட்டுப் போச்சா?

—நம்ம வழக்கம்னு சொல்லி அக்காவும் தம்பியும் ஒரே ரூம்ல உக்கார்ந்து டிவி பார்க்க மாட்டீங்க. அவங்க முன்னாடி நீ தும்மக்கூட மாட்டே. ஆனா உன் கிட்னி மட்டும் அவங்க வயித்துக்குள்ள போய் உக்காரலாம்.

—அதை டாக்டர் வைக்கிறார். நான் வைக்கலையே.

—கடவுளே.

—சிரிக்காதே மெலி. முதல்லயே நீ போய்ச் சொன்னே இல்லை? என்ன ஆச்சு?

—"என் தம்பி மேல கத்தி படக் கூடாது, பேச்சு முடிஞ்சது"ன்னாங்க. அப்புறம் எனக்கு டீ போட்டுக் கொடுத்தாங்க.

—பார்த்தியா? அக்கா சொன்னா முடிஞ்சது. இப்ப தெரிஞ்சா மறுபடி முடிஞ்சதும்பாங்க, நானும் வாயை மூடிக்கணும். முதல்ல எடை சரியாகட்டும். டாக்டர் சரின்னு சொன்னப்புறம் போதகரை விட்டு மெதுவாப் பேசச் சொல்லலாம்.

—எடை சரியாகணும்னா வாய் மூடணுமே.

—மூடிட்டேன். இந்தா, எடுத்துக்கோ. நீயே வெச்சுக்கோ.

—...சதேகி.

—ம்.

—நான் ஒண்ணு சொல்லணும். நீ ஒவ்வொரு கிலோவாக் குறையும்போது நான் கை தட்டினேன். ஆனா உள்ளுக்குள்ள பயந்தேன். ஐயோ, இன்னும் கொஞ்சம்தான் இருக்கு, அப்புறம் இவனை அறுத்துடுவாங்கன்னு. ஒரு நாள் முடியலை. உன் தட்டுல ஒரு கிழங்கு கூட வெச்சேன்.

—தெரியும்.

—தெரியுமா?

—பெரிய கிழங்கு. நீ அளவு தப்ப மாட்டியே, ஏதோ மனசு சரியில்லைன்னு நினைச்சேன்.

—அப்புறம் ஏன் தின்னே?

—நீ வெச்சே, தின்னேன். மறுநாள் சொல்லாம ஒரு மலை கூட ஏறிட்டு வந்தேன்.

—போடா.

—அழாதே. யாரோ வர்றாங்க. கண்ணைத் துடை, அந்தப் பொட்டலத்தை சீட்டுக்கு அடியில தள்ளு.

—யாரு? அண்ணி வண்டிதானே அது.

—வண்டி அக்காவோடது. ஓட்டிக்கிட்டு வர்றது கலேசிதா.

—உன் மருமகளா? கறுப்புக் கண்ணாடியைக் கழட்டி ஒளிச்சு வை. சீக்கிரம்!

—விடு மெலி, அக்கா மக.

—அக்கா மகதான். போன மாசம் என் மிக்ஸி போச்சு. அதுக்கு முன்னாடி ஸ்பீக்கர். நடக்குறதுக்குன்னு உனக்கு ஷூ வாங்கிக் கொடுத்தேன், அவ காலுக்கு ரெண்டு மடங்கு பெரிசு, அதையும் தூக்கிட்டுப் போய் யாருக்கோ கொடுத்துட்டா. அக்கா மக எடுத்தா மாமன் வாயைத் திறக்கக் கூடாது. மாமன் பொண்டாட்டி மூச்சே விடக் கூடாது.

—மெதுவாப் பேசு. வந்துட்டா.

—மாமா! அத்தை! இங்கயா இருக்கீங்க? வீட்டுக்குப் போய்த் தேடிட்டு வர்றேன். தள்ளி உக்காருங்க அத்தை, நானும் ஏறிக்கறேன். ஞாயித்துக்கிழமை ஓய்வு நாள்ல மலைக்கு வந்திருக்கீங்களே, போதகர் பார்த்தா உரிச்சுடுவார்.

—நாங்க சும்மா காத்து வாங்க வந்தோம் கலேசிதா.

—சும்மாவா? மாமா காலைப் பாருங்க. சர்ச் வேட்டி, அதுக்கு மேலே இடுப்புப் பாய், கால்ல பழைய ஓட்டப்பந்தய ஷூ! இதைக் கட்டிக்கிட்டா மலை ஏறப் போறீங்க?

—யாராவது பார்த்தா ஜெபக் கூட்டத்துக்குப் போறேன்னு நினைச்சுக்குவாங்க.

—உச்சியில மாடுங்க மட்டும்தான் மாமா இருக்கு. அதுங்களுக்கா ஜெபம்? ஐ, இந்தக் கண்ணாடி நல்லா இருக்கே.

—போச்சு.

—என்ன அத்தை?

—ஒண்ணுமில்லைடி. "மாமா, எடுத்துக்கட்டுமா"ன்னு ஒரு வார்த்தை கேட்டா உன் நாக்கு தேஞ்சா போயிடும்?

—கேட்டா அம்மா உதைப்பாங்க அத்தை. மாமன்கிட்ட கேக்கறது மாமனைச் சந்தேகப்படுற மாதிரியாம். கேட்டா அவருக்கு அவமானம். பேசாம எடுத்துக்கணும். இல்லையா மாமா?

—ஆமா கண்ணு. உனக்கு நல்லா இருக்கு.

—சரி, கையை நீட்டுங்க மாமா. ரெண்டு கையும். அம்மா கொடுத்து அனுப்பினாங்க.

—இன்னொரு லூவா?

—சர்ச்ல கொடுத்தது சின்னதாப் போச்சாம். இது பெரிசு. சூடா இருக்கு, பார்த்து.

—கலேசிதா, அம்மாகிட்ட சொல்லு, மாமாவுக்கு வயிறு நிறைஞ்சுடுச்சு, நாளைக்குத் தின்னுக்குவார்னு.

—அது முடியாது அத்தை. இன்னிக்கே தின்னு முடிக்கணுமாம். நான் பக்கத்துல நின்னு பார்க்கணுமாம். வெறும் தாளை வாங்கிட்டு வரச் சொல்லியிருக்காங்க.

—வெறும் தாளா?

—சுத்தியிருக்கிற அலுமினியத் தாள். உள்ள ஒண்ணும் மிச்சம் இல்லைன்னு அவங்க பார்க்கணுமாம்.

—எதுக்கு?

—எனக்கும்தான் புரியலை. ஒவ்வொரு வாரமும் நான் வீட்டுக்குத் திரும்பினதும் ரெண்டு கேள்வி. முடிச்சானா? இடுப்புக் கயிறு எவ்வளவு தொங்குச்சு?

—எந்தக் கயிறு?

—பாய்க்கு மேலே கட்டுவாரே, அது. முடிச்சுக்குக் கீழே மிச்சக் கயிறு எதுவரைக்கும் வருதுன்னு நான் பார்த்துட்டு வந்து சொல்லணும். முன்னல்லாம் தொடையோட நின்னுச்சு. கொஞ்சம் கீழே இறங்குச்சுன்னு சொன்னா அன்னிக்கு அம்மா தூங்க மாட்டாங்க. மறுவாரம் லூவுக்கு ரெண்டு டின் தேங்காய்ப்பால் ஊத்துவாங்க.

—நான் இளைச்சுட்டேன்னு கவலைப்படுறாங்க, பாவம்.

—அப்படித்தான் நானும் நினைச்சேன் மாமா. ஆனா நேத்து என்ன ஆச்சுன்னா... சொல்லலாமான்னு தெரியலை.

—சொல்லு.

—டயாலிசிஸ்ல நான் பக்கத்துல உக்கார்ந்திருந்தேன். நான் தூங்குறேன்னு நினைச்சுக்கிட்டு அம்மா நர்ஸ்கிட்ட கேட்டாங்க. "கிட்னி கொடுக்க வர்றவன் எவ்வளவு கனமா இருந்தா வேண்டாம்னு திருப்பி அனுப்புவீங்க?"ன்னு. நர்ஸ் ஏதோ சொன்னா. அம்மா இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கிட்டாங்க. வர்ற வழியில கடையில நிறுத்தச் சொல்லி, கையில அடங்குற மட்டும் தேங்காய்ப்பால் டின் வாங்கினாங்க. சத்தியமா எனக்கு ஒண்ணும் புரியலை.

—சதேகி.

—ம்.

—அண்ணிக்குத் தெரியும்.

—...ம்.

—ஆரம்பத்துலருந்தே தெரியும். நீ அவங்க மனசு நோகக் கூடாதுன்னு தின்னே. அவங்க நீ கோட்டைத் தாண்டணும்னே அனுப்பினாங்க.

—என்ன கோடு? அத்தை, என்ன தெரியும் அம்மாவுக்கு? யாரு கிட்னி கொடுக்... மாமா?

—மலைக்குப் போகணும், நேரமாச்சு.

—மாமா, என்னைப் பாருங்க. நீங்களா? அதுக்குத்தான் மலையா? அதுக்குத்தான் மாமா இளைக்கிறீங்களா? அப்ப நான்தானே... வாரா வாரம் நான்தானே கொண்டு வந்து கொடுத்தேன். வேண்டாம் வேண்டாம்னீங்க, ஒரு தடவை நானே ஊட்டி விட்டேனே!

—அழாதே கண்ணு. லூ நல்லா இருந்துச்சு.

—அவளை அழ விடு சதேகி. இங்க வாடி. யாருக்கும் தெரியக் கூடாதுன்னு மறைச்சோம். நாளைக்கு எடை பார்க்குறாங்க, அரைக் கிலோதான் இடம் இருக்கு, அதுக்குள்ள... எங்க அடிக்குது ஃபோன்?

—என்னோடது. அம்மாதான். தாள் வரலையேன்னு கூப்பிடுறாங்க.

—எடுக்காதே கண்ணு.

—எடு. ஸ்பீக்கர்ல போடு.

—மெலி, என்ன பண்றே? என் உடம்புப் பேச்சு வரும். அக்கா குரல் கேக்கிற இடத்துல நான் இருக்கக் கூடாது.

—அப்ப இறங்கு. வேலி வரைக்கும் போய் நில்லு. நான் கூப்பிட்டப்புறம் வா.

—சரி. சத்தம் போட்டுப் பேசிடாதே அவங்ககிட்ட.

—பேச மாட்டேன். பொட்டலத்தை எதுக்குத் தூக்கிட்டுப் போறே? வெச்சிட்டுப் போ.

—அக்கா கொடுத்தது. அவங்க பேசும்போது அதைக் கீழே வைக்கச் சொல்றியா?

—போ. போய்த் தொலை. கலேசிதா, அழுத்து.

—அம்மா.

—கலேசிதா? எவ்வளவு நேரம்? முடிச்சானா?

—அம்மா...

—தாள் கையில வந்துச்சா?

—அண்ணி, நான் மெலியாமே பேசறேன்.

—மெலியாமே. அவன் பக்கத்துல இருக்கானா?

—இல்லை அண்ணி. வேலிகிட்ட நிக்கிறார். காதுல விழாது.

—சரி. சொல்லு.

—உங்களுக்கு எப்பத் தெரியும்?

—இடுப்புக் கயிறு தொங்க ஆரம்பிச்ச அன்னிக்கே தெரியும். என் தம்பி தட்டுல ஒரு கிழங்கை மிச்சம் வெச்சு நான் பார்த்ததில்லை. யாருக்காக வைப்பான்?

—அதுக்குத் தேங்காய்ப்பாலா அண்ணி?

—வேற என்ன பண்ணச் சொல்றே? வேண்டாம்னு ஒரு தடவை சொன்னேன். கேக்கலை, திருட்டுத்தனமாப் போயிட்டான். டாக்டர்கிட்ட போய் அவனை அனுப்பிடுங்கன்னா அவன் மனசு உடைஞ்சுடும். தராசு வேண்டாம்னு சொல்லட்டும். தராசு மேல யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க.

—தராசு மேல கோவிச்சுக்கலை அண்ணி. தன்னைத்தான் திட்டிக்கிட்டார். ஒவ்வொரு தடவை எடை ஏறும்போதும் இந்த வேனுக்குள்ள உக்கார்ந்து அழுவார். "என் வாயே எங்க அக்காவைக் கொல்லப் போகுது"ன்னு.

—...அப்படியா சொன்னான்?

—ஆமா.

—எனக்குத் தெரியாது அது.

—எப்படித் தெரியும்? நீங்க ரெண்டு பேரும் பேசிக்க மாட்டீங்களே.

—மெலியாமே, எங்க அம்மா சாகும்போது அவனுக்குப் பல்லுகூட முளைக்கலை. நான் கிழங்கை மென்னு மென்னு ஊட்டினேன். பொழைக்காதுன்னு எல்லாரும் சொன்னாங்க. அந்த உடம்பு நான் சேர்த்தது. ஒவ்வொரு பிடியா. அதுல ஒரு துண்டை வெட்டி எனக்கே வைக்கணுமா? முடியாது. அவன் முழுசா இருக்கணும். நான் மூத்தவ, என் சொல்லை அவன் தாண்ட மாட்டான்.

—தாண்ட மாட்டார் அண்ணி.

—அப்ப பேச்சு முடிஞ்சது.

—முடியலைம்மா.

—நீ சும்மா இரு கலேசிதா.

—இருக்க மாட்டேன். இவ்வளவு நேரம் நீங்க உங்க தம்பியைப் பத்திப் பேசினீங்க, அத்தை அவங்க புருஷனைப் பத்திப் பேசினாங்க. நான் என் மாமாவைப் பத்திப் பேசணும்.

—அழுதுக்கிட்டே பேசாதே. மூக்கைச் சிந்திட்டுப் பேசு.

—என் ரத்தம் சேராதுன்னு டாக்டர் சொன்ன அன்னிக்கு நீங்க நிம்மதியா மூச்சு விட்டீங்க. நான் பாத்ரூம்ல போய் அழுதேன். அன்னிக்கு உங்களுக்குக் கொடுக்க எங்கிட்ட ஒண்ணும் இல்லை. இப்ப இருக்கு.

—என்ன இருக்கு?

—தாத்தா சாவுல யாரைம்மா தலைமாட்டுல உக்கார வெச்சீங்க?

—உன்னை.

—சாவுக்கு வந்தவங்க கொடுத்த அவ்வளவு பாயும் துணியும் யார் மடியில வந்துச்சு? மாமா கல்யாணத்துல கேக்கோட மேல் அடுக்கு யாருக்கு? அப்ப எனக்கு நாலு வயசு, வேண்டாம்னு அழுதேன். நீங்க என்ன சொல்லிக் கொடுத்தீங்க?

—அது இப்ப எதுக்கு?

—மாமன்கிட்ட இருக்கிறதெல்லாம் உன்னுது. கேக்காதே, எடுத்துக்கோன்னு சொன்னீங்க. மாமன் உனக்கு ஆம்பிளை அம்மான்னு சொன்னீங்க.

—அது பாய், பன்னி, கேக்கு. விளையாட்டா இது?

—கிட்னி மட்டும் கிடையாதுன்னு யாராவது சொல்லியிருக்காங்களா?

—கலேசிதா!

—மாமா உங்களுக்குக் கொடுக்கலைம்மா. கொடுத்தாத்தானே நீங்க வேண்டாம்னு சொல்ல முடியும்? நான் அவர்கிட்டருந்து எடுத்துக்கிட்டேன். அவரையும் கேக்கலை, உங்களையும் கேக்கலை. இப்ப அது என்னுது. என்னுதை நான் எங்க அம்மாவுக்குக் கொடுக்கறேன். இதுல உங்க தம்பி எங்க வந்தார்?

—மெலியாமே, இவளுக்கு இதெல்லாம் நீ சொல்லிக் கொடுத்தியா?

—நானா? அண்ணி, என் மிக்ஸியே இன்னும் அவகிட்டத்தான் இருக்கு.

—...அவன் என்ன பண்றான்?

—வேலிகிட்ட நிக்கிறாரும்மா. இந்தப் பக்கம் பார்த்துக்கிட்டு.

—தின்னுட்டானா?

—இல்லை. பிரிக்கவே இல்லை. ரெண்டு கையிலயும் ஏந்திக்கிட்டு நிக்கிறாரு.

—ஆறிப் போயிருக்கும்.

—ஆமா.

—இடுப்புக் கயிறு?

—முட்டி வரைக்கும் வந்துடுச்சும்மா.

—கலேசிதா.

—சொல்லுங்கம்மா.

—இறங்கிப் போய், அந்தப் பொட்டலத்தையும் எடுத்துக்கோ.